சேர்வராயன் மலையைக் கொண்டாட ஒரு நாள்: முதல்முறை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு

சேலத்துக்காரர்களுக்குச் சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு என்றால் படகு, பஜ்ஜி, பாயின்ட். லேடீஸ் சீட்டில் நின்றுகொண்டு, கீழே தெரியும் ஊருக்குள் தன் வீடு எந்தப் பக்கம் என்று விரல் நீட்டித் தேடுவது. நானும் முப்பது வருடம் அதைத்தான் செய்தேன். அப்புறம் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, இந்த மலை இன்னும் மலையாகவே இருப்பதை வருடத்துக்கு ஒரு நாளாவது கொண்டாடலாம் என்று முடிவு செய்தோம். அது இப்போது வழக்கமாகிவிட்டது. "எங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போகணும், எங்க ஆரம்பிக்கறதுங்க?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் முதல் வருடம் படுசொதப்பல். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். இரண்டு வேன், நாற்பத்திரண்டு பேர், மலையைக் காப்போம் என்று ஒரு ஃப்ளெக்ஸ், வாடகை மைக் செட், நடுவதற்கு இருபது மரக்கன்று. மேலே போனதும் காற்று ஃப்ளெக்ஸைக் கிழித்துவிட்டது. மைக் சத்தத்துக்கு ஒரு குருவிகூட பக்கத்தில் வரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியைக் குரங்குகள் கொண்டுபோயின. உச்சியில் சேர்வராயன் கோயில் மேட்டுப் புல்வெளியில் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். இந்த இடத்தில் எந்தக் காலத்திலும் மரம் நின்றதில்லையே, காற்று விடாதே என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். இருபதில் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு ஏற்பாட்டை முழுக்க மாற்றினோம். ஒரு நாள், சின்னக் கூட்டம், மூன்று நான்கு இடம், ஒரு நோட்டு. அடுத்த வருடமும் அதே இடங்களுக்கே போவது. இதுவரை பாதுகாத்தவர்கள் யார், எப்படிப் பாதுகாத்தார்கள் என்று போய்ப் பார்ப்பதுதான் நாங்கள் செய்யும் கொண்டாட்டம்.

போவதற்கு முன் ஒரு மாலை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், வருகிறவர்களை ஒரு மொட்டைமாடியில் கூட்டுங்கள். சேலத்தில் எந்த மொட்டைமாடியில் நின்றாலும் ஏதாவது ஒரு மலை தெரியும். தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, வடக்கே நகரமலை, அதற்குப் பின்னால் சேர்வராயன். சைலம் என்ற சொல்தான் சேலம் ஆனது என்று சொல்கிறவர்களும் உண்டு. மலையைக் காட்டிக்கொண்டே மூன்று சங்கதிகளைச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும், ஸ்லைடு எல்லாம் வேண்டாம்.

முதலாவது, தண்ணீர். நம் ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து காவிரிக்குப் போகிறது. ஓமலூர் பக்கம் ஓடும் சரபங்காவும் இதே மலைத் தண்ணீர்தான். வடக்குச் சரிவில் இறங்கும் வாணியாறு தர்மபுரி மாவட்டத்துக்குப் போகிறது. மலை உச்சியில் பல இடங்களில் பாக்சைட் கலந்த செம்மண் மூடியிருக்கிறது. அது மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். இதே பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன காலமும் ஒன்று உண்டு. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது, திருமணிமுத்தாற்றை இன்று நாம் எந்தக் கோலத்தில் வைத்திருக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சாக்கடை என்றுதான் தெரியும்.

இரண்டாவது, ஆட்கள். மலையில் நமக்கு முன்னாலிருந்தே இருப்பவர்கள் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பினார்கள், மூத்தவர் பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவுள்ளவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஏற்காட்டைச் சுற்றியுள்ள 67 கிராமங்களுக்கும் சேர்வராயன்தான் சாமி. உச்சியில் சாமி குடியிருந்தால் உச்சியை யார் வெட்டுவார்கள்? சட்டம் வருவதற்கு முன்பிருந்த காவல் அது.

சட்டம் 1882-ல் வந்தது. மதராஸ் வனச் சட்டம். காப்புக்காடு என்று மலைச்சரிவுகளில் கல் நட்டு எல்லை போட்டதெல்லாம் அந்தச் சட்டப்படிதான். அந்தச் சட்டம்தான் இன்றைக்கும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்துவிட்டார். காபித் தோட்டம் நல்லதா கெட்டதா என்று எங்கள் கூட்டத்தில் வருடாவருடம் சண்டை நடக்கும். காடு அழிந்துதான் தோட்டம் வந்தது, அது உண்மை. ஆனால் காபிக்கு நிழல் வேண்டும் என்பதால் பழைய தோட்டங்களில் பெரிய மரங்கள் தப்பித்தன என்பதும் உண்மை. சில்வர் ஓக் மட்டுமே வரிசையாக நிற்கும் தோட்டத்தையும், பலாவும் அத்தியும் கலந்து நிற்கும் தோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் சண்டை பாதி தீர்ந்துவிடும். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். மிளகுக்கொடி ஏற்ற வசதி, பறவைக்கு அவ்வளவாகப் பயனில்லை.

மூன்றாவது, இங்கே மட்டும் இருக்கும் உயிர்கள். வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று ஒரு சிறு மரம் இருக்கிறது. பெயரிலேயே மலை இருக்கிறது. உலகத்தில் இந்த மலைப் பக்கம் விட்டால் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. பாறை இடுக்கில் வாழும் சின்னப் பல்லி ஒன்றுக்கு நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்று பெயர். அதற்கு அறிவியல் பெயர் வைத்தது 2000-ல்தான். அத்தனை நாளும் அது நம் பாயின்ட்களின் பாறைகளில் நம்மைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு ஒன்றை இந்த மலையிலிருந்து 1863-ல் பெடோம் என்பவர் விவரித்தார். விஷம் இல்லாதது, மண்புழு தின்னும். பாம்பு என்றதும் கம்பைத் தேடுகிற ஆள் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், அவருக்காக இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

எந்த நாள்

மே மாதம் வேண்டாம். கோடை விழா, மலர்க் கண்காட்சி, கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து போகும் வண்டிகள். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான் வரும். அது அவர்கள் விழா. விருந்தாளியாகத் தனியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், உங்கள் நிகழ்ச்சியை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம். அடிவாரக் காடுகள் சருகாகக் காய்ந்திருக்கும். 2018 மார்ச் 11-ல் தேனி குரங்கணியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். மலையேறப் போன இடத்தில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்த மாதங்களில் பிள்ளைகளைக் காட்டுப்பக்கம் கூட்டிப் போகும் யோசனையே வேண்டாம்.

எங்களுக்குப் பிடித்தது ஜனவரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும். வலசை வரும் பறவைகளும் இருக்கும். 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் சேரலாம், காசு கிடையாது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை ஈபேர்ட் செயலியில் பதிந்தால் போதும். அந்த நான்கு நாளில் ஒரு காலை கீழே சேலத்து ஏரிக்கரை ஒன்றில் நின்று எண்ணுங்கள். மலைக்கு அடுத்த வாரம் போங்கள். காணும் பொங்கல் அன்று மலை ஏறினால், மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கலாம். ஜனவரி ஒத்துவராது என்றால் டிசம்பர் 11, சர்வதேச மலைகள் தினம். குளிரும் மூடுபனியும் பழக்கமில்லாத வயதானவர்கள் வருவதாக இருந்தால் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர், யாரிடம் கேட்பது

இருபது பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவர்களுக்குப் பறவையும் தெரியாது, பேச்சும் கேட்காது. அவர்கள் செல்ஃபி எடுக்கப் போய்விடுவார்கள். ஐந்து பேருக்கு ஒரு பெரியவர்.

பொதுச் சாலை, கோயில், பூங்கா என்று போனால் வனத்துறை அனுமதி தேவையில்லை. சாலையை விட்டு இறங்கிக் காப்புக்காட்டுக்குள் போக அனுமதி வேண்டும்; இல்லாமல் நுழைவது குற்றம். யாரோ ஒரு வீடியோவில் காட்டினார்கள் என்று அருவிக்குப் பின்பக்கம் இறங்குவதெல்லாம் வேண்டாம். முறையாக நடைப்பயணம் போக ஆசை இருந்தால், 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதிவு செய்யலாம். மாநிலம் முழுக்க 40 தடங்கள், அதில் சேலம் மாவட்டத்துத் தடங்களும் உண்டு. பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கூட வருவார்.

அனுமதி தேவைப்படாத நிகழ்ச்சி என்றாலும், மாவட்ட வன அலுவலகத்துக்கும் வனச்சரகருக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். எத்தனை பேர், எந்தெந்த இடம், எத்தனை மணி என்று ஒரே பக்கம். நாங்கள் கடிதம் எழுத ஆரம்பித்த பிறகு ஒரு வருடம் வனக்காவலர் ஒருவரே எங்களோடு அரை நாள் நடந்தார். காட்டெருமை நின்ற தடத்தைக் காட்டி, இது நேற்றையது, அது இன்று காலையது என்று அவர் பிரித்துச் சொன்னதைப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். கோயில் பக்கத்துக் கிராமத்திலும் முன்கூட்டியே போய் ஊர்ப் பெரியவரைப் பார்த்து, இன்ன நாளில் வருகிறோம் ஐயா என்று சொல்லிவிட்டு வருவது மரியாதை. காபித் தோட்டங்கள் தனியார் இடம், கேட்காமல் கேட் திறக்கக் கூடாது.

பையில் என்ன

எவர்சில்வர் டம்ளர், தட்டு, தண்ணீர்க் குடுவை, ஸ்வெட்டர், தொப்பி, நோட்டு, பென்சில். பேனா குளிரில் சண்டித்தனம் செய்யும். சாப்பாடு கட்டுச்சோறு: புளிச்சோறு, தயிர்ச்சோறு, வறுத்த மோர்மிளகாய். வாழை இலையில் கட்டித் துணியில் முடிந்தால் திரும்பி வரும்போது பையில் எதுவும் மிஞ்சாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மலைச்சாலை ஓரத்தை எட்டிப் பார்த்தால் அந்தத் தடை இன்னும் மலையேறவில்லை என்று தோன்றும். ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுத்துவிடுங்கள், அவரவர் குப்பை அவரவர் பையில்.

பளபளக்கும் நிறச்சட்டை வேண்டாம். சென்ட் வேண்டாம். ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

அன்றைய நாள்

விடியற்காலை ஆறு மணிக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் கூடுங்கள். மலைக்குப் போகிற கூட்டம் ஏன் ஏரியில் கூட வேண்டும் என்று கேட்பார்கள். சேர்வராயன் மலையில் பெய்த மழை புது ஏரியை நிரப்பி, அங்கிருந்து வழிந்து இங்கே வருகிறது. மலையின் கடைசிப் படி இது. 58 ஏக்கர் ஏரி. குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்ததை 2010-ல் ஊர்மக்கள் கையிலெடுத்தார்கள். தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து, அதன்மேல் மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் நீர்க்காகமும் கொக்கும் அடைகின்றன. மலையைப் பார்த்தபடி நின்று பதினைந்து நிமிடம் எண்ணுங்கள். பறவை தெரியாதவர்கள் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கறுப்பு பெரிசு, வெள்ளை கழுத்து நீளம் என்று எழுதினாலும் சரி.

கோரிமேட்டில் ஏற்காடு பஸ் ஏறலாம். வேனைவிட எனக்குப் பஸ்தான் பிடிக்கும். மேலே போகிற கூடை, கொத்தமல்லிக்கட்டு, காலேஜ் பெண்கள், தோட்ட வேலைக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் அதில்தான் இருப்பார்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: காடு எந்த வளைவில் மாறுகிறது? கீழே முள்ளும் மூங்கிலும், இலையுதிர் மரங்களும். மேலே போகப் போகப் பச்சை கூடும், காற்றில் ஈரம் ஏறும், ஏதோ ஒரு வளைவில் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் குரல் வரும். அந்த வளைவின் எண்ணை நோட்டில் எழுதுங்கள். கீழ்ப்பாதியின் பாறைச் சரிவுகள் மஞ்சள் தொண்டைச் சின்னானின் இடம். தென்னிந்தியப் பாறை மலைகளில் மட்டும் வாழும், எண்ணிக்கை குறைந்துவரும் பறவை அது. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்க முடியாது, ஆனால் அதன் வீட்டு வாசல் வழியாகப் போகிறோம் என்று தெரிந்து போவது வேறு. வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். போட்டுப் போட்டுத்தான் அவை காட்டை விட்டு ரோட்டுக்கு வந்தன, வண்டியில் அடிபடுகின்றன.

ஏற்காடு ஊரில் இறங்கி ஒரு டீ. பிறகு சேர்வராயன் கோயிலுக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம், நடந்தே போங்கள். வழியெல்லாம் தோட்டம். செம்மீசைச் சின்னானின் குரல் விடாமல் கேட்கும். ஈரமான ஓடைப்பக்கம், யாரோ பையன் சும்மா சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் ஒரு சத்தம் கேட்டால் நில்லுங்கள், அது சீகாரப் பூங்குருவி. எங்கள் கூட்டத்தில் ஒருவர், யாருடா அது காலங்காத்தால என்று திரும்பி அதட்டியே விட்டார்.

கோயில் மேடு 5,326 அடி உயரம். மேலே ஏறியதும் மலை சட்டென்று தட்டையாகி, பரந்த புல்வெளியாகும். கோயில் என்பது ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவிரி அம்மனும். குகை காவிரி வரை போகிறது என்று சொல்வார்கள். திருமணிமுத்தாறும் சரபங்காவும் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று நினைத்துப் பார்த்தால், சொன்னவர்கள் விவரமானவர்கள்தான். செருப்பைக் கழற்றுங்கள், உள்ளே படம் எடுக்காதீர்கள், தட்டில் காசு போடுங்கள். வெளியே வந்து புல்வெளியில் உட்கார்ந்து, அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் நெளிவார்கள். அப்புறம் பழகிவிடும். எங்களோடு வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் அந்த அரை மணி நேரத்தில் புல்லுக்குள் எட்டு வகைப் பூவை எண்ணியிருந்தான், ஒன்றுகூட சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. கொண்டுவந்த சோற்றை இங்கே பிரிக்காமல், கீழே இறங்கிச் சாலையோரம் பிரியுங்கள். மேட்டில் சோறு சிந்தினால் குரங்கு வரும், காகம் வரும், அவற்றின் பின்னால் நாய் வரும்.

மதியத்துக்கு மேல் தாவரவியல் தோட்டம். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் 1963-ல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில்தான் இருக்கிறது என்பது சேலத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாட்டின் பல மூலைகளிலிருந்து கொண்டுவந்த ஆர்க்கிட்களை அறுபது வருடமாகத் தொட்டியிலும் மரத்திலும் வளர்த்து வருகிறார்கள். பிள்ளைகள் நேராகப் பூச்சி தின்னும் குடுவைச் செடிக்குத்தான் ஓடுவார்கள், ஓடட்டும். அது மேகாலயாவுக்குச் சொந்தமானது. நீங்கள் கேட்க வேண்டியது நம்மூர் வெர்னோனியாவை. காட்டில் அருகிப்போன அந்த மரத்தை இங்கே நாற்றெடுத்து வளர்க்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் அழகு ஒன்றும் அதற்கு இல்லை. காட்டினாலொழிய யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். எங்கள் நாளில் நாங்கள் கைதட்டுவது அந்த ஒரு இடத்தில்தான்.

இது ஆய்வு நிறுவனம். விடுமுறை நாளில் போய்க் கேட்டில் நின்றவர்களில் நானும் ஒருவன். குழுவாகப் போவதாக இருந்தால் கடிதம் எழுதி நாள் உறுதி செய்துகொள்ளுங்கள். இலை, விதை, கிளை எதையும் பறிக்கக் கூடாது. தரையில் கிடப்பதுகூட அவர்கள் கணக்கில் உள்ள விதையாக இருக்கலாம்.

கன்று நடலாமா

எல்லோரும் கேட்பது இது. என் பதில் வேண்டாம் என்பதுதான். புல்வெளியில் நட்டால் புல்வெளி போகும், காட்டில் எதை நடுவது என்று நமக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்ற அடுத்த வாரம் யாரும் போகப் போவதில்லை. விதைப்பந்து வீசுவதும் இதே கணக்குதான். நட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் தெருவில் ஒரு புங்கன் நடுங்கள், தினமும் பார்க்கலாம்.

கை சும்மா இருக்க முடியாதவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. மலையில் உண்ணிச்செடி புதர் புதராகப் பரவி, நாட்டுச் செடிகளை மூடிக்கொண்டிருக்கிறது. வனத்துறை களை எடுக்கும் நாளில் ஆள் கேட்டால் போகலாம். நீங்களாகப் போய்ப் பிடுங்காதீர்கள். வேரோடு எடுக்கத் தெரியாவிட்டால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். சாலையோரக் குப்பை பொறுக்குவதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டில் உடைசல் நிறைய.

நோட்டு

நாள் முழுக்க எழுதியதைக் கீழே வருவதற்குள் ஒரே நோட்டில் சேர்த்து எழுதச் செய்யுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எழுத மாட்டார்கள். ஏரியில் எத்தனை நீர்க்காகம், காடு மாறிய வளைவு எது, குரங்குக் கூட்டம் எத்தனை இடத்தில், புல்வெளியில் எத்தனை வகைப் பூ. கோயில் சாலையில் பத்து மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, பூவா, காயா, கொழுந்தா என்று ஒவ்வொரு வருடமும் குறிக்கிறோம். இதையே ஒழுங்காகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் சீசன்வாட்ச் திட்டத்தில் பதியலாம். நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் மரங்களை இப்படிக் கவனித்து எழுதுகிறார்கள். எங்கள் நோட்டில் பத்து மரம் இப்போது எட்டாகிவிட்டது. ஒன்று புயலில் போனது, இன்னொன்று சாலை அகலமானபோது போனது. இரண்டையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறோம். நோட்டின் ஒரு நகலை வனச்சரகருக்கும் ஊராட்சிக்கும் அனுப்புங்கள். பதில் வராது. அடுத்த வருடமும் அனுப்புங்கள்.

சேலம் இறங்கியதும் தட்டுவடை செட் சாப்பிடுவது எங்கள் கூட்டத்தில் கட்டாயம். நோட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்ற சண்டை அங்கேதான் நடக்கும்.

மழை வந்தால்

ஜனவரியில் வராது என்று நினைக்காதீர்கள், டிசம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு சாலை இருக்கிறதே என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டாம். அன்றைக்கு மூக்கனேரிக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழை விட்டால் அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போகலாம், அங்கிருந்து பார்த்தால் மேகத்துக்குள் இருக்கும் மலை நன்றாகத் தெரியும். நோட்டில் தேதி போட்டு, மழை, மேலே போகவில்லை, ஏரி நிரம்பி வழிகிறது என்று எழுதுங்கள்.